பக்கீர் முகம்மது வீட்டு சாக்லேட்

ஹலீமா பங்கு வைத்தால் குறை சொல்ல ஆள் கிடையாது. அவளைக் கண்டால் ஆகாதவர்கள்கூட இதை ஒப்புக்கொள்வார்கள். குர்பானிக் கறியோ, கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறோ, சபரிலிருந்து புருஷன் கொண்டுவரும் சாமானோ, எந்த வீட்டுக்கு எவ்வளவு போக வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை, எந்த மருமகள் மாசமாக இருக்கிறாள், எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்திருக்கிறது, எல்லாம் தெரியும். அவளுக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்டால், இருந்தது, நிறையவே இருந்தது. அதோடு இதையும் சேர்த்துப் பார்த்தாள்.

வளைகுடாப் பக்கம் பிழைக்கப் போவதை அவர்கள் தெருவில் சபர் என்பார்கள். பக்கீர் முகம்மது சபர் போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. தம்மாமில் ஏசி பழுதுபார்க்கும் கடையில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவரோடு ஒரே வீட்டில் இருந்த மாதங்களைக் கூட்டினால் ஹலீமாவுக்கு நாலு வருஷம் தேறினால் அதிகம். வலங்கைமானிலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையில் இருந்த அந்தச் சின்ன ஊரில் அவள்தான் நின்று வீடு கட்டினாள், குத்தகை நெல்லை அளந்து வாங்கினாள், ஒரே மகன் ஹஸ்ஸானைப் படிக்க வைத்தாள். மேஸ்திரி ஏமாற்றப் பார்த்தபோது அவள் போட்ட சத்தம் வாய்க்காலைத் தாண்டி மேலத்தெருவரை கேட்டதாகச் சொல்வார்கள்.

சபராளி வந்து இறங்கினால் மறுநாள் காலைக்குள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பை போய்ச் சேர வேண்டும். ஒரு சோப்பு, ஒரு தைலம், கை நிறைய சாக்லேட். போகாவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அடுத்த பத்து வருஷத்துக்கு நினைவு வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஹலீமா தன் தெருவோடு நிறுத்தவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேலத்தெருவிலும் ஒன்பது வீட்டுக்குக் கொடுத்து வந்தாள். பேறுகாலத்தில் வந்து நின்றவர்கள், வெள்ளம் வந்த வருஷம் அவள் வீட்டுச் சாமானைத் தலைச்சுமையாகத் தூக்கி வைத்தவர்கள். மொத்தம் முப்பத்தொரு பை.

இந்தத் தடவை பக்கீர் முகம்மது வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருச்சியில் வந்து இறங்கினார். தம்மாம் விமான நிலையத்தில் எடை கூடிவிட்டதென்று இரண்டு பாக்கெட் சாக்லேட்டை அங்கேயே எடுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். சனிக்கிழமை காலை பஜ்ரு தொழுதுவிட்டு ஹலீமா கூடத்தில் பாயை விரித்து முப்பத்தொரு பைகளையும் வரிசையாக வைத்துப் பங்கு போட்டாள். சாக்லேட் போதவில்லை.

ஒரு பையில் குறைத்து இன்னொன்றில் போட்டுச் சரிக்கட்டிக்கொண்டிருந்தவள், மகனுக்கு அவன் அத்தா கொண்டுவந்த புதுச் சட்டைகளை வைத்துவிட்டு வரலாமென்று அவன் அறைக்குப் போனாள். ஹஸ்ஸானுக்கு இருபத்து நாலு வயது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். அமெரிக்காக்காரனின் பகல்தான் இவனுக்கு ஆபீஸ் நேரம். விடிந்த பிறகு படுத்து முற்பகலில் எழுவான். அன்றும் போர்த்திக்கொண்டு தூங்கினான். அலமாரியில் சட்டைகளைத் தள்ளி இடம் பண்ணியபோது பின்னாலிருந்து ஒரு கறுப்புப் பை வந்து விழுந்தது. மேலே காடும் நிலாவும் படம். வாய் பிரிந்திருந்தது. உள்ளே தங்க நிறத் தாள் சுற்றிய உருண்டை சாக்லேட்டுகள்.

இங்கிலீஷில் ஏதேதோ எழுதியிருந்தது. ஹலீமா எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆனால் அதற்குள் அவள் கை பையைத் தடவிப் பார்த்துவிட்டது. சாக்லேட்தான். இனிப்பையே தொடாத பிள்ளைக்கு யாரோ கூட்டாளி கொடுத்திருப்பான், கிடக்கிறது என்று நினைத்தாள். வீட்டில் இருக்கும் பொருளை எடுக்க யாரைக் கேட்க வேண்டும்? கொண்டுபோய்த் தட்டில் கவிழ்த்தாள்.

பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன. எல்லாப் பையிலும் போட எண்ணிக்கை காணாது. அதனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் ஏழு வீட்டுப் பைகளை மட்டும் தனியாக இழுத்து வைத்தாள். பிள்ளைகள் பையைத் திறந்ததும் பளிச்சென்று தெரியட்டுமே என்று தங்க உருண்டைகளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். ஒரு பிள்ளை என்றால் ஒன்று, கூட இருந்தால் இரண்டு என்றுதான் ஆரம்பித்தாள். பாதியில் பக்கீர் முகம்மது கொல்லையிலிருந்து தேத்தண்ணி கேட்டார், மேலத்தெரு அம்சம் வாசலில் வந்து நின்று நலம் விசாரித்தாள், பேச்சோடு பேச்சாகக் கைக்கு வந்ததைப் போட்டு முடித்தாள். எட்டு மணிக்கெல்லாம் முப்பத்தொரு பையும் வீடு வீடாகப் போய்விட்டன. இந்த வருஷமும் ஒருத்தர் வாய் திறக்க முடியாது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

பத்தரை மணிக்கு ஹஸ்ஸான் எழுந்தான். அடுப்படி வாசலில் வந்து நின்றவனின் முகம் வெளுத்திருந்தது.

"ம்மா, என் அலமாரியில ஒரு கறுப்புப் பை இருந்துச்சே?"

"அதுவா? சாக்லேட்டு பத்தலடா. அதையும் சேர்த்துப் பங்கு வச்சிட்டேன். நீதான் திங்கிறதில்லையே."

"யாருக்கும்மா குடுத்தே?"

"புள்ளைங்க இருக்குற வூட்டுக்கு."

அதைக் கேட்டதும் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு அவன் சொன்னதெல்லாம் ஹலீமாவின் காதில் துண்டு துண்டாகத்தான் விழுந்தது. இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம். தூக்கம் வராதவர்களுக்கு மூலிகைக் காளான் சாக்லேட். போனில் பணம் போட்டால் மூலிகை டீ என்று எழுதிய கூரியரில் வந்துவிடும்.

"காளான்னா நாம சமைக்கிற காளானா?"

"இல்லம்மா. போதை வர்ற காளான்."

"யா அல்லா. விஷமாடா?"

"தெரியலம்மா."

"பையில எழுதியிருக்காதா?"

"எழுதியிருக்குறது எல்லாம் பொய்யும்மா. உணவு லைசென்ஸ்னு ஒரு நம்பர் போட்டிருக்கான். தேடிப் பாத்தேன், எங்கேயோ ஒரு மசாலாப் பொடி கம்பெனியோட நம்பர் அது. அந்தப் பக்கமே இப்ப இல்ல. போனும் போவல."

நூறு சதவீதம் இயற்கை என்றும் அதில் அச்சடித்திருந்தது. அரளி விதையும் நூறு சதவீதம் இயற்கைதான். இதை எவனோ எந்த ஊரிலோ உருக்கி ஊற்றித் தாளைச் சுற்றி விற்கிறான், செய்தவன் பெயர் கிடையாது, முகவரி கிடையாது, அதைப் போய் ஒரு படித்த பிள்ளை பணம் கொடுத்து வாங்கித் தின்கிறது. இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

"நீ தின்னியா?" என்றாள் ஹலீமா.

"ஒண்ணே ஒண்ணு. ராத்திரி பூரா செவுரு மூச்சு விடுற மாதிரி இருந்துச்சும்மா. நெஞ்சு அடிச்சிக்கிட்டு நிக்கவே இல்ல. அதோட வச்சிட்டேன்."

இவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படியென்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு? அவள் கூடத்தில் கிடந்த காலிப் பையை எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு என்று எண் போட்டிருந்தது. ஒன்று போனால் பதினொன்று. எங்கே எத்தனை போட்டோம் என்று நினைத்துப் பார்த்தாள். ஏழு வீடும் வரிசையாக நினைவுக்கு வந்தன, எண்ணிக்கை மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடமும் லீவு. பிள்ளைகள் எல்லாம் வீட்டில்.

"உண்மையைச் சொல்லிடாதம்மா" என்று ஹஸ்ஸான் கையைப் பிடித்துக்கொண்டான். "போலீசு, வேலை, சைபுல்லா மாமா வூடு, எல்லாம் போயிடும். டேட்டு முடிஞ்சிடுச்சுன்னு சொல்லி வாங்கிட்டு வந்துடு."

சைபுல்லா ஜமாஅத் செயலாளர். அவர் மகளைத்தான் ஹஸ்ஸானுக்குப் பேசியிருந்தது. பக்கீர் முகம்மது வந்ததே நிக்காஹ் தேதி குறிக்கத்தான். ஹலீமா துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

முதல் வீடு ஹுமைரா வீடு. இரண்டு பையன்கள், புருஷன் குவைத்தில். டேட்டு முடிந்துவிட்டதென்று கேட்டதும் அவள் சிரித்தாள்.

"வெளிநாட்டுச் சாமானுக்கு என்ன லாத்தா டேட்டு? எங்க வூட்டுக்காரரு போன தடவை கொண்டாந்தது பூரா டேட்டு முடிஞ்சதுதான். திங்காமலா இருந்தோம்?"

"இல்லடி, அந்தத் தங்கக் கலருல இருக்குறதை மட்டும் குடுத்துடு."

ஹுமைரா உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்றுதான் இருந்ததா என்று கேட்டதற்கு, ஒன்றுதான் என்றாள். அடுத்து உபைதுல்லா வீடு. அங்கே அவன் மனைவி ஒன்றை எடுத்து நீட்டினாள், ஆனால் நீட்டிய விதம் சரியில்லை. இருப்பதிலேயே நல்லதைத் திரும்ப வாங்கிப் போய் வேறு பெரிய வீட்டுக்குக் கொடுக்கப் போகிறாள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி பஞ்சநதம் வீட்டுக்குப் போவதற்குள் சேதி முந்திக்கொண்டது. பஞ்சநதம் வாசலிலேயே ஒரு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "புள்ள கேட்டுச்சு, நாந்தான் குடுக்கல. இந்தாங்க" என்றார். அந்தக் குரலில் இருந்த மரியாதை அவளைச் சுட்டது. கொடுத்ததைத் திரும்ப வாங்கும் அவமானம் இருபத்தாறு வருஷத்தில் அவளுக்கு வந்ததில்லை.

நாலாவது வீடு அம்சத்துடையது. அம்சத்தின் அப்பன் ஹலீமாவின் தெருக்காரர்கள் நிலத்தில் கூலிக்கு நட்டவர். இப்போது அம்சமும் புருஷனும் சொந்தமாகக் குத்தகை எடுத்துக் குறுவை அறுத்திருந்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள். அம்சம் சேதி கேட்டுத் தயாராகத்தான் இருந்தாள்.

"ஏங்க்கா, குடுத்ததைத் திருப்பிக் கேக்குற அளவுக்கு என்னாச்சு? எங்க புள்ளைங்க தின்னா ஆவாதா?" பையை முழுசாக எடுத்து ஹலீமாவின் காலடியில் வைத்தாள். "சோப்பும் தைலமும் அதுலதான் இருக்கு. பாத்துக்குங்க."

ஹலீமா குனிந்து பையைத் துழாவினாள். தங்க உருண்டை ஒன்று கைக்கு வந்தது. நிமிர்ந்தபோது சின்னவள் கதவோரம் நிற்பதைப் பார்த்தாள். நாலு வயது. கையில் இன்னொன்று. தாளைப் பாதி உரித்து வாய்க்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

ஹலீமா பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள். உருண்டை சிமெண்டுத் தரையில் உருண்டது. பிள்ளை வீறிட்டது. அம்சம் எழுந்து வந்த வேகத்தைப் பார்த்தால் அடித்தே விடுவாள் போலிருந்தது.

"எம்புள்ளையையா அடிக்கிறே?"

"அம்சம், அதுல போதை கலந்திருக்குடி. காளான் போதை. என் மவன் எங்கேயோ வாங்கி வச்சிருந்தான். நான் தெரியாம எடுத்துப் போட்டுட்டேன். டேட்டுன்னு சொன்னது பொய்யி."

அம்சம் பிள்ளையைத் தூக்கி வாயைத் திறக்கச் சொல்லி விரல் விட்டுப் பார்த்தாள். உதட்டை முகர்ந்தாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, "இன்னும் யாரு வூட்டுல இருக்கு?" என்று கேட்டாள். கோபத்துக்கு அப்போது நேரமில்லை என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

ஐந்து கிடைத்திருந்தது. இன்னும் ஆறு. பொய் சொன்னதால்தான் யாரும் வீட்டைத் துழாவவில்லை, பிள்ளைகளை அதட்டிக் கேட்கவில்லை என்பது ஹலீமாவுக்கு உறைத்தது. பள்ளிவாசல் ஜமாஅத் ஆபீசுக்கு அவள் கிட்டத்தட்ட ஓடினாள். அங்கே பக்கீர் முகம்மதுவும் சைபுல்லாவும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நிக்காஹ் பேச்சாகத்தான் இருக்கும். ஹலீமா வாசல்படியில் நின்றபடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மகனின் பெயரையும் சொன்னாள்.

"மைக்கில சொல்லணும்ண்ணே. இப்பவே."

யாராவது இறந்துவிட்டால் மௌத்துச் செய்தி, தண்ணீர் வராத நாள், தொலைந்த ஆடு, இவற்றைச் சொல்லத்தான் அந்த மைக். பக்கீர் முகம்மது மனைவியைப் பார்த்தார். "சொல்லட்டும். பேரைச் சொல்ல வேணாம். யாரோ குடுத்ததுன்னு..."

"யாரோன்னு சொன்னா எவ காதுலங்க ஏறும்? நம்ம பேரைச் சொன்னாத்தான் நம்ம பையைத் தேடுவாங்க."

சைபுல்லா மனதில் என்ன ஓடியதோ, எழுந்து போய் பாங்கு சொல்லும் மோதினாரிடமிருந்து மைக்கை அவரே வாங்கினார். பக்கீர் முகம்மது வீட்டிலிருந்து காலையில் கொடுத்த சாக்லேட்டில் தங்க நிறத் தாள் சுற்றியதை யாரும் சாப்பிட வேண்டாம், அதில் போதைப் பொருள் இருக்கிறது, பிள்ளைகள் வாயில் வைத்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் என்று மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் பெயரைத் தெளிவாகச் சொன்னார். தெருவில் நின்று கேட்ட ஹலீமாவுக்கு அது தன் மௌத்துச் செய்தி போலவே இருந்தது.

ஆனால் பலன் கிடைத்தது. கால் மணி நேரத்தில் அவள் வீட்டு வாசலில் கூட்டம். ஹுமைரா தலைமுடி அவிழ ஓடிவந்தாள். "ரெண்டு இருந்துச்சு லாத்தா. சின்னவனுக்குன்னு ஒண்ணை ஒளிச்சு வச்சிருந்தேன். என்னை மன்னிச்சிடுங்க" என்று அழுதபடி இரண்டாவதைக் கொடுத்தாள். மிச்சமிருந்த மூன்று வீட்டிலிருந்தும் ஒவ்வொன்று வந்தது. கடைசியாக வந்தவள் மேலத்தெரு மலர்க்கொடி. வலங்கைமான் இ-சேவை மையத்தில் வேலை. புருஷன் நெடுமாறன் அறுத்த நெல்லோடு கொள்முதல் நிலையத்தில் மூன்று நாளாகக் காத்துக்கிடந்தான். ஐந்து வயது மகன் சேரனை இடுப்பில் இடுக்கிக்கொண்டே ஓடிவந்திருந்தாள்.

ஹலீமா எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு எண்ணினாள். ஒன்பது. மறுபடி எண்ணினாள். ஒன்பதுதான்.

"இன்னும் ரெண்டு வேணும்" என்றாள். திரும்பி நிலைப்படியில் நின்ற மகனைப் பார்த்தாள். "பன்னெண்டுல நீ தின்னது ஒண்ணுதானேடா?"

கூட்டம் முழுக்க அவனைப் பார்த்தது. சைபுல்லாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதான்னு சொன்னேன்லம்மா" என்றான் ஹஸ்ஸான்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றும் ஹலீமாவுக்கு உடம்பு கூசும். இரண்டு உருண்டைகள் பிள்ளைகளிடம்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டினார்கள். பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒண்ணா ரெண்டா, எங்கே ஒளிச்சே, சொன்னா அடிக்க மாட்டேன், சொல்லலேன்னா தோலை உரிச்சிடுவேன். ஹுமைரா பெரியவனின் காதைத் திருகினாள். உபைதுல்லா தன் மகளின் புத்தகப் பையைத் தலைகீழாகக் கொட்டினான். ஹலீமாவும் கேட்டாள், ஒவ்வொரு பிள்ளையின் முகவாயையும் தூக்கிப் பிடித்துக் கேட்டாள். எந்தப் பிள்ளை வயிற்றுக்குள்ளும் அது போயிருக்கக் கூடாது என்று உள்ளே துஆ ஓடிக்கொண்டே இருந்தது.

சேரனின் முறை வந்தது. நாலு பெண்கள் சுற்றி நின்று ஒரே நேரத்தில் கேட்டார்கள். அவன் அம்மாவைப் பார்த்தான். மலர்க்கொடி, "சொல்லுடா, தின்னியா?" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் உதடு கோணியது.

"தின்னுட்டேன்."

"எப்படா?"

"இப்பத்தான்."

மலர்க்கொடியின் சத்தத்தில் பாலத்தருகே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஹஸ்ஸான் காரை எடுத்தான். மலர்க்கொடி பிள்ளையோடு பின்னால் ஏறினாள், ஹலீமாவும் டப்பாவையும் கறுப்புப் பையையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினாள். மிச்சம் ஒன்றைத் தேட பக்கீர் முகம்மது ஊரிலேயே நின்றார்.

மன்னார்குடிக்குப் போகும் சாலையில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை. ஹஸ்ஸான் ஹார்ன் அடித்துக்கொண்டே போனான். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில் பெட்டி பெட்டியாக ஊர்ந்துகொண்டிருந்தது. அழுது களைத்த சேரன் அம்மாவின் மடியில் கண்ணை மூடினான்.

"தூங்காதடா, என் தங்கமே, கண்ணைத் தொற" என்று மலர்க்கொடி அவன் கன்னத்தைத் தட்டினாள். "அக்கா, இவன் கை சில்லுன்னு இருக்குக்கா."

ஹலீமா அவன் உள்ளங்கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். இந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் தான் உயிரோடு அந்தத் தெருவில் நடக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. முன்னால் ஹஸ்ஸான் ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயத்தில் இருக்கிறான் என்று நினைத்தாள்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருந்தது ஒரு இளவயது பெண் டாக்டர். கறுப்புப் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன காளான்னு எழுதவே இல்லையே. எவ்வளவுன்னு போட்டிருக்கறதையும் நம்ப முடியாதும்மா. ஒரு துண்டுல ஒண்ணும் இருக்காது, இன்னொரு துண்டுல நாலு ஆளுக்கு உள்ளது இருக்கும். காளானே இல்லாம வேற ரசாயனத்தைக் கலந்தும் விக்கிறாங்க. என்னன்னு தெரியாம நான் என்ன மருந்து குடுக்கறது?" குழந்தையின் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். "இப்பத்தான் சாப்பிட்டான்னா உள்ள இறங்கறதுக்குள்ள டியூப் விட்டு எடுத்துடலாம். ரெண்டு பேரும் கெட்டியா பிடிச்சுக்குங்க."

சேரன் முழித்துக்கொண்டான். நர்ஸ் மூக்கருகே குழாயைக் கொண்டுவந்ததும் அவன் போட்ட அலறல் இருக்கிறதே, அந்தச் சின்ன உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. மலர்க்கொடி கண்ணீர் வழிய அவன் தலையை மார்போடு இறுக்கினாள். ஹலீமா இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டாள். அவள் கைக்குள் அந்தக் கால்கள் துடித்தன. "அம்மா வேணாம்மா, வேணாம்மா" என்று பிள்ளை கத்தியது.

"நிறுத்துங்க."

திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு ஹஸ்ஸான் நின்றான்.

"நிறுத்துங்க டாக்டர். அவன் தின்னுருக்க மாட்டான். பையில மொத்தமே ஒன்பதுதான் இருந்துச்சு."

யாருக்கும் புரியவில்லை. டாக்டர் குழாயைத் தூக்கிப் பிடித்தபடி அவனைப் பார்த்தார்.

"மூணு நான் தின்னேன். ஒண்ணுன்னு பொய் சொல்லிட்டேன். எல்லாரும் இருந்தாங்க, சைபுல்லா மாமா இருந்தாங்க. அப்பறம் சொல்லிடலாம்னு நெனச்சேன். சொல்ல முடியல."

டாக்டர் குனிந்து சேரனின் கண்ணைத் துடைத்தார். "தம்பி, தங்கக் கலரு சாக்லேட்டு நீ சாப்பிட்டியா?"

அவன் விக்கிக்கொண்டே தலையை ஆட்டினான். "இல்ல."

"அப்பறம் ஏன் சாப்பிட்டேன்னு சொன்னே?"

"எல்லாரும் கேட்டாங்க."

மலர்க்கொடி மகனை வாரித் தூக்கிக்கொண்டாள். ஹஸ்ஸானுக்கு நேரே போய் நின்றாள். அடிப்பாள் என்றுதான் ஹலீமா எதிர்பார்த்தாள். அடித்திருந்தால்கூடத் தேவலாம்.

"ரயில் கேட்டுல நின்னப்பக்கூட உனக்குத் தெரியுமில்ல?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்து பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

ஒரு பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. காலையிலிருந்து கேட்ட துஆ பலித்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று ஹலீமாவுக்கு வாய்வரை வந்தது. அதற்குள் டாக்டர் ஹஸ்ஸானை நாற்காலியில் உட்கார வைத்து அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து. அத்தாவைக் கூட்டிட்டு வந்து வுட்டப்பறம்."

"கையை நீட்டுங்க." அவன் நீட்டினான். விரல்கள் ஆடின. "எத்தனை நாளா இப்படி ஆடுது?"

அவன் கையை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

"இந்த ஒரு பைதானா?"

அவன் தாயைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"நாலாவது பை."

ராத்திரி வேலை பார்க்கிற பிள்ளை, அதனால் பகலில் தூங்குகிறான் என்று ஹலீமா நினைத்திருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை என்றால் கண்விழிப்புச் சூடு என்று நினைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். டம்ளர் கைநழுவி விழுந்தபோது கவனமில்லை என்று திட்டினாள். ஊரில் எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தது என்று தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. நர்ஸ் சேரனின் பெயர் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுச் சீட்டில் பெயரும் வயதும் கேட்டாள். ஹலீமா சொன்னாள். ரத்தம் எடுக்க வேண்டும், இன்றைக்கு இங்கேதான் இருக்க வேண்டும், கூட யார் இருக்கிறீர்கள் என்றார் டாக்டர். நான் இருக்கிறேன் என்றாள்.

கைப்பைக்குள் போன் அடித்தது. பக்கீர் முகம்மது. பின்னால் ஆண்கள் சத்தமும் ஏதோ மண்ணைக் கிளறும் சத்தமும் கேட்டன.

"புள்ள எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். அவன் திங்கலையாங்க."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப இன்னும் ரெண்டு வெளியில கெடக்கு. சைபுல்லா மச்சானும் இருக்காரு, பஞ்சநதம் ஆளுவளைக் கூட்டிட்டு வந்திருக்காரு. குப்பை மேட்டைக் கிளறிப் பாத்தாச்சு. இப்ப வாய்க்காலுக்குள்ள எறங்கித் தேடிக்கிட்டிருக்கோம். நாய் எதுவும் தூக்கிட்டுப் போயிருக்குமோன்னு..."

"தேடாதீங்க" என்றாள் ஹலீமா. "எல்லாரையும் வூட்டுக்குப் போகச் சொல்லுங்க. கெடைச்சிடுச்சு."

"கெடைச்சிடுச்சா? யாரு வூட்டுல இருந்துச்சு?"

நர்ஸ் ஹஸ்ஸானின் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

"நம்ம வூட்டுலதாங்க" என்றாள் ஹலீமா.